கேஸ் குழாய் மேல் கட்டலாமா? வீடு கட்டுவோரும் விரிவாக்குவோரும் அறிய 21 குறிப்புகள்

சென்னை, கோவை, சேலம் என்று ஊர் ஊராகக் குழாய் வழி சமையல் எரிவாயு வரத் தொடங்கியிருக்கிறது. வாசலில் பள்ளம் தோண்டிக் குழாயைப் பதித்து, மண்ணை மூடிவிட்டுப் போகிறார்கள். இரண்டு மழைக்காலம் கடந்தால் அது எந்தப் பக்கமாக வந்தது என்று வீட்டில் ஒருவருக்கும் நினைவிருக்காது. அப்புறம்தான் காருக்கு ஒரு ஷெட், மாடிப்படி ஏற முடியாத பெரியவர்களுக்குக் கீழே ஒரு அறை, வாடகைக்கு ஒரு சின்னக் கடை என்று வேலை ஆரம்பமாகும்.

குழாய் என்று இருந்தால் என்றாவது கசியக்கூடும். கசிந்த வாயு திறந்த வெளிக்கு வந்தால் காற்றோடு கலந்து போய்விடும். அதே வாயு ஓர் அறைக்கு அடியில் அடைபட்டால் வீட்டையே தூக்கிவிடும். எனவே குழாய்க்கு மேலே வானம் தெரிய வேண்டும். கீழே வரும் குறிப்புகள் எல்லாம் இந்த ஒன்றைக் காப்பாற்றத்தான்.

வேலை தொடங்கும் முன்

1. குழாய் வரும் வழியைக் கண்டுபிடியுங்கள். மண்ணுக்குள் இருப்பது பெரும்பாலும் மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிறப் பாலிஎதிலீன் குழாய். சுவரோரம் மேலே வரும்போது மஞ்சள் வண்ணம் அடித்த ஜி.ஐ. குழாயாக மாறும். அங்கிருந்து வால்வு, ரெகுலேட்டர், மீட்டர் என்று அடுப்பு வரை போகும். குழாய் தரையைவிட்டு எழும்பும் இடத்தையும் தெருவில் உள்ள வால்வு மூடியையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் இந்த இரண்டு புள்ளிகளையும் நேர்கோட்டில் சேர்த்து, 'இதுதான் வழி' என்று முடிவுகட்டாதீர்கள். மரத்தையும் சாக்கடையையும் சுற்றிக்கொண்டு குழாய் வளைந்தும் வந்திருக்கலாம்.

2. இரும்பு தேடும் கருவியை நம்பாதீர்கள். பிளாஸ்டிக் குழாயை அது காட்டாது. குழாயோடு சேர்த்துக் கம்பி ஏதும் பதித்திருந்தால்தான் கருவிக்கு அடையாளம் தெரியும். எரிவாயு நிறுவனத்திடம் பதிப்பு வரைபடத்தைக் கேளுங்கள். அவர்களுடைய ஆளை நேரில் வரவழைத்து, தரையில் சுண்ணாம்பால் கோடு போட்டுத் தரச் சொல்லுங்கள். அந்தக் கோட்டைத் தெருவும் சுவரும் தெரியும்படி கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

3. மண்ணுக்குள் இருப்பதே அழுத்தம் மிகுந்த பகுதி. தெருக் குழாயில் எரிவாயு பொதுவாக 4 பார் அழுத்தம் வரை இருக்கும். வீட்டு வாசலில் உள்ள ரெகுலேட்டர் அதை 100 மில்லிபாராகக் குறைக்கிறது. அடுப்புக்கு வந்து சேர்வது 21 மில்லிபார்தான். அடுப்படிக் குழாயைவிட ஏறத்தாழ 190 மடங்கு அழுத்தம் வாசல் மண்ணுக்கடியில் இருக்கிறது. அடுப்பில் கசிந்தால் 'சிர்' என்று வரும். வாசலில் உடைந்தால் நிலைமை வேறு.

4. எவ்வளவு வாயு இருந்தால் வெடிக்கும்? குழாயில் வரும் இயற்கை எரிவாயுவில் பெரும்பகுதி மீத்தேன். காற்றில் அது 5 முதல் 15 சதவீதம் வரை கலந்திருக்கும்போது தீப்பொறி பட்டால் பற்றும். பத்தடிக்குப் பத்தடி அறையின் தரைக்கு அடியில் மண் இறங்கி ஓரடி உயரத்துக்கு வெற்றிடம் உண்டாகியிருக்கிறது என்று வையுங்கள். அதில் இருப்பது சுமார் 2,800 லிட்டர் காற்று. அதை ஆபத்தான கலவையாக்க 140 லிட்டர் வாயு போதும். தண்ணீர் பிடித்து வைக்கும் 200 லிட்டர் டிரம் நிறையக்கூட வேண்டாம். சின்னக் கசிவுதானே என்று விடக்கூடாது என்பது இதனால்தான்.

5. நடந்தவற்றைத் தெரிந்துகொள்ளுங்கள். ஸ்காட்லாந்தின் கிளார்க்ஸ்டன் என்ற ஊரில் 1971 அக்டோபர் 21 அன்று ஒரு கடை வரிசை வெடித்து 22 பேர் இறந்தார்கள். தெருக் குழாயில் விரிசல் விட்டு வெளியேறிய வாயு, கடைகளுக்கு அடியிலிருந்த வெற்றிடத்தில் போய்ச் சேர்ந்திருந்தது. முந்தின நாளே கடைக்காரர்களுக்கு வாசனை தெரிந்திருந்தது. அதே நாட்டின் லார்க்ஹாலில் 1999 டிசம்பர் 22 அன்று ஒரு வீடு வெடித்து ஒரே குடும்பத்தைச் சேர்ந்த 4 பேர் மாண்டார்கள். அரித்துப்போன இரும்புக் குழாயிலிருந்து கசிந்த வாயு வீட்டின் தரைக்கடியில் தேங்கியதுதான் காரணம். குழாய் நிறுவனத்துக்கு 2005-இல் 1.5 கோடி பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது. இரண்டு இடத்திலும் அடுப்பிலோ அடுப்படியிலோ கோளாறு இல்லை.

6. செட்பேக் இடத்தில் கை வைக்காதீர்கள். வீட்டுக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவே விட வேண்டிய இடத்தை 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் வரையறுக்கின்றன. கேஸ் குழாய் வருவதும் பெரும்பாலும் அந்த இடுக்கில்தான். நாலடி சும்மா கிடக்கிறதே என்று அதை அடைத்துக் குளியலறை கட்டுபவர் கட்டட விதியையும் மீறுகிறார், குழாயையும் வீட்டுக்கு அடியில் கொண்டுவந்துவிடுகிறார்.

7. கட்டித்தான் ஆக வேண்டுமென்றால் முதலில் குழாயை நகர்த்துங்கள். எரிவாயு நிறுவனத்துக்கு எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள். அவர்கள் வந்து பார்த்து மாற்று வழியும் செலவும் சொல்வார்கள். பொதுவாகச் செலவு வீட்டுக்காரருடையதுதான். அறை கட்டும் செலவோடு சேர்த்துப் பார்த்தால் அது பெரிதாகத் தெரியாது. தளம் போட்ட பிறகு அதே வேலையைச் செய்ய வேண்டுமென்றால் தரையை உடைக்கும் கூலியும் டைல்ஸ் செலவும் கூடவே வரும். பிளம்பரை வைத்து நாமே நகர்த்திவிடலாம் என்ற யோசனையே வேண்டாம்.

8. எது 'கட்டடம்', எது இல்லை? அறை, கழிவறை, செப்டிக் டேங்க், தண்ணீர்த் தொட்டி, மோட்டார் ரூம், நாலு பக்கமும் அடைத்த கார் ஷெட், படிக்கட்டுக்கு அடியில் கதவு போட்ட சாமான் அறை எல்லாமே ஆபத்துதான். புல்தரை, பூந்தொட்டி, எடுத்துப் போடக்கூடிய பேவர் கல் ஆகியவற்றால் பெரிய தொல்லை இல்லை. ஒரே பலகையாகக் கான்கிரீட் போட்டு முற்றத்தை மூடுவதைத் தவிருங்கள். மேலே வழி அடைபட்டால் வாயு பக்கவாட்டில் நகர்ந்து வீட்டின் அஸ்திவாரத்தையும் சாக்கடைக் குழாயையும் தேடிப் போகும். மழையில் ஊறிய மண்ணும் இதேபோல வாயுவைப் பக்கவாட்டில் தள்ளும்.

9. பாரமும் ஒரு பகைதான். புதிய கட்டடம் முதல் சில வருடங்களில் மெல்ல மெல்ல இறங்கும். பழைய வீடு அசையாது. இரண்டுக்கும் நடுவில் ஓடும் குழாய் ஒரு பக்கம் மட்டும் அழுத்தப்பட்டு இணைப்பில் விட்டுக்கொடுக்கும். எனவே தூணின் அடித்தளமும் சுவரின் கடைக்காலும் குழாயின் மேல் உட்காரக் கூடாது. எவ்வளவு தள்ளி வரவேண்டும் என்பதைக் குழாயின் அளவைப் பார்த்து நிறுவனமே சொல்லட்டும். அந்தத் தூரத்தை வீட்டு பிளானில் குறிக்கச் சொல்லி என்ஜினீயரிடம் கொடுங்கள்.

வேலை நடக்கும்போது

10. குழாய்ப் பக்கம் ஜே.சி.பி. வேண்டாம். வானம் தோண்டும்போது குழாய்க் கோட்டுக்கு அருகே மண்வெட்டியால் மட்டும், அதுவும் மெதுவாகத் தோண்டச் சொல்லுங்கள். கடப்பாரையை ஓங்கிப் போடக் கூடாது. குழாய்க்குச் சற்று மேலே எச்சரிக்கை எழுத்துகளுடன் ஒரு பிளாஸ்டிக் விரிப்பு பதித்திருப்பார்கள். அது கண்ணில் பட்டால் வேலையை நிறுத்திவிட்டு நிறுவனத்தை அழையுங்கள். பெரிய வேலையாக இருந்தால் 'கால் பிஃபோர் யூ டிக்' செயலியில் பதிவு செய்தாரா என்று ஒப்பந்தக்காரரைக் கேளுங்கள். தோண்டுபவரையும் நிலத்தடிக் குழாய், கேபிள் வைத்திருக்கும் நிறுவனங்களையும் இணைக்க 2023 மார்ச் 22 அன்று மத்திய அரசு தொடங்கிய செயலி அது.

11. சின்னக் குழிகளே குழாய்க்கு எமன். அறை கட்டும்போது எல்லோரும் எச்சரிக்கையாக இருப்பார்கள். எர்த் கம்பி அடிக்கும்போது யாரும் யோசிப்பதில்லை. கேட் தூண், கொடிக்கம்பம், வேலிக்கல், கல்யாணப் பந்தல் கால், வாழை மரம் கட்டக் கழி நடுவது எல்லாமே மண்ணைத் துளைக்கும் வேலைகள்தான். பந்தல்காரர் வந்து இறங்கியதும் குழாய் போகும் இடத்தைக் காட்டிவிடுங்கள். போர்வெல் போட இடம் பார்க்கும்போதும் நீரோட்டம் பார்ப்பவருக்கு முன்னால் கேஸ் நிறுவனத்து ஆள் வரட்டும்.

12. கீறல் பட்டால் மூடி மறைக்காதீர்கள். மண்வெட்டி உரசிக் குழாயில் வெட்டு விழுந்திருக்கும், வாசனை எதுவும் வராது. மேஸ்திரி மண்ணைத் தள்ளி மூடிவிடுவார். அந்த இடம் பல மாதம் கழித்துப் பிளக்கலாம். 'எது பட்டாலும் சொல்லுங்கள், கூலியில் பிடிக்க மாட்டேன்' என்று முதல் நாளே வேலையாட்களிடம் சொல்லிவிடுங்கள். டேப் சுற்றுவதும் எம்சீல் வைப்பதும் பழுது பார்ப்பதாகாது.

13. சுவரைத் துளைத்து வரும் குழாயைப் பூசி மூடாதீர்கள். சுவருக்குள் குழாய் தனி உறை ஒன்றின் வழியே வர வேண்டும். சுவர் இறங்கினாலும் குழாய் நசுங்காமல் இருக்கவே அந்த இடைவெளி. சிமென்ட்டை நேரடியாகக் குழாயில் அப்பினால் ஈரம் தங்கி இரும்பு அரிக்கும். கடலோர ஊர்களில் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்ளும். குழாயும் தரையும் சந்திக்கும் இடத்தை வருடம் ஒருமுறை பாருங்கள். வண்ணம் உரிந்து துரு தெரிந்தால் புகார் கொடுங்கள். எலக்ட்ரீஷியன் கேஸ் குழாயில் எர்த் ஒயரைக் கட்ட வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள்.

வீட்டுக்குள்ளே

14. மீட்டர் உள்ள பால்கனியை அடைக்காதீர்கள். அடுக்குமாடி வீடுகளில் மீட்டரும் வால்வும் பெரும்பாலும் சமையலறையை ஒட்டிய சர்வீஸ் பால்கனியில் இருக்கும். காற்று வரும் இடம் என்றுதான் அங்கே வைத்தார்கள். மழைச்சாரல், புறா என்று காரணம் சொல்லி அலுமினியம், கண்ணாடி போட்டு மூடினால் அது அறையாகிவிடும். வலையோ கிரில்லோ போடுங்கள். அடைத்தே தீர வேண்டுமென்றால் நிறுவனத்தைக் கேட்டு, கூரையை ஒட்டி எப்போதும் திறந்திருக்கும் துவாரங்கள் விடுங்கள். இயற்கை எரிவாயு காற்றைவிட லேசானது, மேலேதான் போகும்.

15. மாடுலர் கிச்சனுக்குள் வால்வைப் புதைக்காதீர்கள். அழகுக்காகக் குழாயை அலமாரிக்குப் பின்னால் தள்ளி, பலகை அடித்துவிடுகிறார்கள். அவசரத்தில் திருப்ப வேண்டிய வால்வு, மசாலா டப்பாக்களுக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளும். வால்வு கைக்கு எட்ட வேண்டும், குழாயின் இணைப்புகள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். குழாய் ஓடும் அலமாரியின் கதவில் காற்றுத் துவாரம் போடச் சொல்லுங்கள். மின்சார பிளக்கைக் குழாயிலிருந்து தள்ளி வையுங்கள்.

16. சிலிண்டர் வீட்டுக்கும் இது பொருந்தும். சிலிண்டரை வெளியே வைத்துச் செப்புக் குழாயைத் தரைக்கடியில் ஓட்டி, மேலே டைல்ஸ் பதிப்பது பல வீடுகளில் வழக்கமாகிவிட்டது. சிலிண்டரில் உள்ள எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே எழும்பாமல் தரையடியிலும் சாக்கடையிலும் தண்ணீர்த் தொட்டிக்குள்ளும் தேங்கும். காற்றில் 2 சதவீத அளவிலேயே பற்றக்கூடியது. செப்புக் குழாயைச் சுவரின் மேலேயே கிளாம்ப் போட்டு ஓட்டுங்கள். பார்வைக்குக் கொஞ்சம் சுமார்தான், ஆனால் சோப்பு நீர் தடவிச் சோதிக்கலாம். சிலிண்டருக்கு அருகே சாக்கடைத் துவாரமோ தொட்டி மூடியோ இருக்கக் கூடாது. ரப்பர் குழாயை 5 வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

ஏற்கெனவே கட்டியாகிவிட்டதா?

17. பதற வேண்டாம், தள்ளிப்போடவும் வேண்டாம். அறைக்கு அடியில் குழாய் போவதாகச் சந்தேகம் வந்தால் நிறுவனத்துக்கு எழுதிச் சோதனைக்கு அழையுங்கள். கசிவு அறியும் கருவியோடு வந்து பார்ப்பார்கள். நீங்களாகத் தரையை உடைத்துத் தேடப் போகாதீர்கள். நல்ல தீர்வு, பழைய குழாயை நிறுத்திவிட்டு வேறு வழியில் புதிதாக இழுப்பதுதான். கட்டடத்துக்கு அடியில் போவதைத் தவிர்க்கவே முடியாத இடங்களில், குழாயை இன்னோர் உறைக்குழாய்க்குள் வைத்து அந்த உறையின் முனையை வெளிக்காற்றில் திறந்துவிட வேண்டும் என்று அமெரிக்க விதிகள் சொல்கின்றன. அதையும் நிறுவனமே செய்ய வேண்டும். அதுவரை அந்த அறையின் ஜன்னல்களைத் திறந்தே வையுங்கள், படுக்கையறையாகப் பயன்படுத்தாதீர்கள்.

18. மூக்கையும் மீட்டரையும் மட்டும் நம்பாதீர்கள். மீத்தேனுக்கு வாசனை கிடையாது. நமக்குத் தெரிவதற்காகக் கெட்ட வாடை சேர்க்கிறார்கள். மண்ணுக்குள் நெடுந்தூரம் ஊடுருவி வரும்போது அந்த வாடையை மண் உறிஞ்சிவிடக்கூடும். எல்லா அடுப்பையும் அணைத்துவிட்டு மீட்டர் ஓடுகிறதா என்று பார்ப்பது நல்ல சோதனைதான். ஆனால் மீட்டருக்கு முன்னால், மண்ணுக்குள் கசிந்தால் மீட்டர் காட்டாது, பில்லும் ஏறாது. வேறு அடையாளங்களைக் கவனியுங்கள்: ஓரிடத்தில் மட்டும் புல்லும் செடியும் காரணமில்லாமல் கருகுவது, மழைத் தேக்கத்தில் தொடர்ந்து குமிழி வருவது, தரை விரிசலில் 'உஸ்' என்ற ஓசை.

19. எச்சரிக்கைக் கருவியைச் சரியான உயரத்தில் மாட்டுங்கள். குழாய் எரிவாயு வீட்டில் கூரையிலிருந்து ஓரடிக்குள், சிலிண்டர் வீட்டில் தரையிலிருந்து ஓரடிக்குள். இடம் மாறினால் கருவி இருந்தும் பயனில்லை. எந்த வாயுவுக்கான கருவி என்று பெட்டியில் பார்த்து வாங்குங்கள். குழாய்க்கு மேல் கட்டிய அறை சமையலறையாக இல்லாவிட்டாலும் அங்கே ஒன்று வேண்டும்.

20. வாடை வந்தால் வரிசையாக இதைச் செய்யுங்கள். தீக்குச்சி, ஊதுவத்தி, விளக்கு எதுவும் வேண்டாம். எந்த ஸ்விட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். அமெரிக்காவின் நியூ லண்டன் பள்ளியில் 1937 மார்ச் 18 அன்று தரைக்கடியில் சேர்ந்திருந்த வாயு, பட்டறையில் ஒரு மின்கருவியை இயக்கியதும் வெடித்தது. சுமார் 300 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். வாயுவுக்கு வாடை சேர்க்கும் சட்டங்கள் பரவலானது அதன் பிறகுதான். கைக்கு எட்டினால் வால்வை மூடுங்கள், போகிற வழியில் கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு எல்லோரையும் வெளியே கூட்டிப் போங்கள். கசிவு மண்ணுக்குள் என்றால் வீட்டு வால்வை மூடுவதால் அது நிற்காது, வெளியேறுவதே முதல் வேலை. காலிங் பெல் அடிக்காமல் பக்கத்து வீட்டாரைக் குரல் கொடுத்து எழுப்புங்கள். வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள். தொலைவில் போன பிறகு கைபேசியை எடுங்கள். குழாய் எரிவாயு என்றால் நிறுவனத்தின் அவசர எண், சிலிண்டர் என்றால் 1906. தீ பிடித்துவிட்டால் 101 அல்லது 112. நிறுவனத்தின் எண் பில்லில் இருக்கும், இன்றே எல்லோருடைய கைபேசியிலும் பதிந்து வையுங்கள்.

21. மனை வாங்கும்போதும் வீட்டை விற்கும்போதும். ஊர்களுக்கு நடுவே போகும் பெரிய எரிவாயுக் குழாய்களுக்குத் தனிச் சட்டம் உண்டு. 1962-ஆம் ஆண்டின் பெட்ரோலியக் குழாய்ச் சட்டப்படி, பயன்பாட்டு உரிமை எடுக்கப்பட்ட நிலத்தில் கட்டடம் கட்டவோ, கிணறு, தொட்டி வெட்டவோ, மரம் நடவோ கூடாது. நிலம் உங்கள் பெயரில் இருந்தாலும் இந்தத் தடை உண்டு. வயலோரத்திலோ சாலையோரத்திலோ குழாய் நிறுவனத்தின் அடையாளக் கல் தெரிந்தால், முன்பணம் கொடுப்பதற்கு முன் கிராம நிர்வாக அலுவலரிடமும் நிறுவனத்திடமும் விசாரியுங்கள். சொந்த வீட்டில், குழாய் போகும் வழியை ஒரு தாளில் வரைந்து, சுவரிலிருந்து எத்தனை அடி, எவ்வளவு ஆழம் என்று எழுதுங்கள். ஒரு பிரதி வீட்டுப் பத்திரத்தோடு இருக்கட்டும், இன்னொன்றை மீட்டருக்கு அருகில் ஒட்டிவிடுங்கள். குடிவருபவருக்கும் வாங்குபவருக்கும் சாவியோடு அதையும் கொடுங்கள். அடுத்த முறை அந்த வாசலில் கடப்பாரை எடுப்பவர் யாராக இருந்தாலும், அவர் முதலில் பார்க்க வேண்டியது அந்தத் தாளைத்தான்.